மழை பெய்தது செவ்வாயா, புதனா? ஏற்காடு எஸ்டேட் கணினியில் நேர மண்டலம் தப்பிய கதை

சேர்வராயன் மலையில், நாகலூர் பக்கம் உள்ள ஒரு காபி எஸ்டேட்டில் மழையை இரண்டு விதமாக அளக்கிறார்கள். ஒன்று பழைய முறை. ஆபீஸ் முன்னால் திறந்தவெளியில் நிற்கும் மழைமானியில் சேர்ந்த தண்ணீரை எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் தினமும் காலை 8:30க்கு அளவு ஜாடியில் ஊற்றிப் பார்த்து, நோட்டில் ஒரு வரி எழுதுவார். இந்திய வானிலைத் துறையும் இருபத்துநாலு மணி நேர மழையை இதே 8:30க்குத்தான் கணக்கு முடிக்கிறது. உலக நேரமான யுடிசிப்படி அது சரியாக 3 மணி.

இன்னொன்று ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுவது. அதில் கோத்திருக்கும் மானிக்குள் ஏற்றப்பலகை போல இரண்டு பக்கமும் சாயும் சின்னப் பாத்திரம் ஒன்று இருக்கிறது. 0.2 மி.மீ. மழை சேர்ந்ததும் ஒரு பக்கம் கவிழும். கவிழ்ந்த நேரத்தைக் கணினி ஒரு ஃபைலில் எழுதிக்கொள்ளும். இது போக, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பமும் ஈரப்பதமும் அதே ஃபைலில் பதிவாகும். காலை 8:30க்கு, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் மூலம் ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஓடி, அதற்கு முந்தைய இருபத்துநாலு மணி நேர மழையைக் கூட்டி மேனேஜருக்கு மெயில் அனுப்பும். லினக்ஸ் தெரிந்த ஒருவர் ஏப்ரலில் வந்து பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

காபித் தோட்டத்தில் மழை எவ்வளவு என்பதோடு, எந்த நாள் என்பதும் முக்கியம். பங்குனி, சித்திரையில் விழும் முதல் நல்ல மழைதான் மொட்டை விரிய வைக்கும். அதிலிருந்து நாளை எண்ணித்தான் அடுத்த மழை வந்ததா, ஸ்பிரிங்க்ளர் போட வேண்டுமா என்று முடிவெடுப்பார்கள். மருந்தடிப்பதும் அப்படித்தான். ஆகவே நாள் மாறினால் சும்மா விட மாட்டார்கள்.

புகார்

ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் நோட்டும் மெயிலும் கிட்டத்தட்ட ஒத்துப்போயின. ஐப்பசி மழை தொடங்கியதும் கணக்கு இடித்தது. செவ்வாய்க்கிழமை "மழை இல்லை" என்று நோட்டில் இருக்கும். மெசினில் அதே செவ்வாய்க்கு முப்பது மி.மீ.க்கு மேல் இருக்கும். புதன்கிழமை நோட்டில் முப்பது சொச்சம், மெசினில் பூஜ்யம். எல்லா நாளும் இப்படி இல்லை. ஒரு வாரம் ஒழுங்காகப் போகும், திடீரென்று இரண்டு நாள் தப்பும்.

மானியைத்தான் முதலில் சந்தேகப்பட்டார்கள். பாத்திரத்தில் சிலந்தி வலை இருந்ததாம், துடைத்தார்கள். பக்கத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் கிளையை வெட்டினார்கள். ஒயரை மாற்றினார்கள். பிறகு கரண்ட் மேல் பழி விழுந்தது. இந்த மாடல் ராஸ்பெரி பையில் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்து, அந்த நேரம் நெட்டும் இல்லாவிட்டால், கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். நியாயமான சந்தேகம்தான். ஆனால் யுபிஎஸ் இருந்தது, பத்து நிமிடப் பதிவுகளில் ஓட்டையும் இல்லை. அதனால், கணினியைப் பார்க்கப் போன நான் அதைத் தள்ளிவிட்டேன்.

உண்மையில் பாதி வேலையை ரைட்டரே முடித்து வைத்திருந்தார். நான் போய் உட்கார்ந்ததும் நோட்டையும், மெயிலை எழுதி வைத்திருந்த இன்னொரு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, மாசக் கடைசியில கூட்டிப் பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் வருது. நாளுதான் இடிக்குது."

"அப்ப மானி நல்லாத்தான் அளக்குதுங்கண்ணா. கடிகாரத்தைத்தான் பாக்கணும்."

"கடிகாரம் சரியா இருக்குன்னு போன தடவையே பாத்துட்டாங்களே, தம்பி."

பார்த்தது உண்மை. அங்கேதான் சிக்கல்.

மெயில் வந்த நேரம்

கணினியைத் தொடுவதற்கு முன் மேனேஜரின் போனை வாங்கி அந்த மெயில்கள் எத்தனை மணிக்கு வந்திருக்கின்றன என்று பார்த்தேன். 8:30க்கு ஓட வேண்டிய ஸ்கிரிப்ட். மெயில் வந்ததோ மதியம் 1 மணி. ஏப்ரலிலிருந்து அப்படித்தான். "மலையில டவர் கிடைக்கிறப்ப போகும்னு நினைச்சேன்" என்றார் மேனேஜர். ஏற்காட்டில் இருப்பவர் அப்படி நினைப்பது இயல்பு. ஆனால் டவர் கிடைத்துப் போகும் மெயில் ஒரு நாள் 9:10க்கு, ஒரு நாள் 11:45க்கு என்று கலைந்து வரும். இது மாதக்கணக்கில் 1:00, 1:00, 1:01, 1:00 என்று வந்திருந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது: அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து 1 மணி 2 மணியாகிவிட்டது. அன்று எஸ்டேட்டில் யாரும் கணினியைத் தொடவில்லை.

இந்தியாவில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகாது. ஐரோப்பாவில் ஆகும். கோடைக்காக ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்த கடிகாரத்தை அன்று அதிகாலை, யுடிசி 1 மணிக்கு, பின்னே இழுப்பார்கள். லண்டனில் கோடையில் காலை 8:30 என்றால் நமக்கு மதியம் 1 மணி. குளிர்காலத்தில் 2 மணி. சந்தேகம் அங்கேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

பதிவு ஃபைலைத் திறந்து அந்த ஞாயிறைத் தேடினேன். வரிசையாக 01:30, 01:40, 01:50 என்று வந்து, அடுத்த வரி மறுபடியும் 01:00. பிறகு 01:10, 01:20. ஒரே நாளில் ஒரு மணி இரண்டு முறை அடித்திருக்கிறது. நம் நேரப்படி அது காலை 5:30 முதல் 7:30 வரை.

திரையில் இந்தியா, உள்ளே லண்டன்

இனிக் கணினி. லாகின் செய்து "டேட்" என்று அடித்தால் 11:40 ஐஎஸ்டி, அதாவது இந்திய நேரம். என் கைக்கடிகாரத்திலும் 11:40. போன தடவை வந்தவர் இதைப் பார்த்துவிட்டுத்தான் கடிகாரம் சரி என்று சொல்லிப் போயிருக்கிறார். அடுத்து "டைம்டேட்சிடிஎல்" என்ற நேர அமைப்புக் கட்டளையை மட்டும் அடித்தேன். டைம் சோன் என்ற வரியில் யூரோப்/லண்டன், ஜிஎம்டி (கிரீன்விச் நேரம்), +0000. அதற்குக் கீழே, கடிகாரம் நெட்டோடு ஒத்திசைந்திருக்கிறது: ஆம்.

ஒரே கணினி, ஒரே நிமிடம், இரண்டு பதில். எதுவும் பொய் இல்லை. நெட்டிலிருந்து நேரம் வாங்கும் என்டிபி முறை கொண்டுவருவது யுடிசி மட்டும். எந்த ஊர் என்ற சேதி அதில் கிடையாது. அதனால் "ஒத்திசைவு: ஆம்" என்பதைக் கண்டு நிம்மதியாகிவிடக் கூடாது. அந்த யுடிசியை உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டும்போது நிரல் முதலில் டிஇசட் என்ற சூழல் மாறி (நிரல்கள் எடுத்துப் பார்க்கும், பெயரிட்ட ஒரு மதிப்பு) இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் /இடிசி/லோக்கல்டைம் என்ற ஃபைல். முன்னது அந்த ஷெல்லில் (கட்டளை அடிக்கும் திரையில்) உள்ளவருக்கு மட்டும், பின்னது மெசின் முழுமைக்கும்.

உறுதிப்படுத்த "என்வ் -யூ டிஇசட் டேட்" என்று கொடுத்தேன், அதாவது டிஇசட் மாறியை எடுத்துவிட்டு நேரத்தைச் சொல். 06:10 ஜிஎம்டி என்றது. மழை பதியும் நிரலும் கிரானும் பார்த்துக்கொண்டிருந்தது இந்த 06:10ஐத்தான்.

டிஇசட் மாறி எங்கிருந்து வந்தது? ஹோம் டைரக்டரியில் உள்ள .புரொஃபைல் ஃபைலின் கடைசி வரி: டிஇசட்='ஏசியா/கொல்கத்தா'; எக்ஸ்போர்ட் டிஇசட். இந்த அச்சைப் பார்த்ததுமே இது டிஇசட்செலக்ட் சொல்லிக்கொடுத்த வரி என்று தெரிந்துவிடும்.

டிஇசட்செலக்ட் என்ன செய்யும், என்ன செய்யாது

நேர மண்டலத்தின் பெயர் தெரியாதவருக்கு டிஇசட்செலக்ட் அருமையான கருவி. அடித்ததும் எந்தக் கண்டம் என்று கேட்கும். ஆசியாவின் எண்ணைக் கொடுத்தால் நாடுகளின் பட்டியல் விரியும். இந்தியாவைத் தேர்ந்ததும் அதற்கு மேல் கேள்வி இல்லை. அமெரிக்காவையோ ரஷ்யாவையோ போல நமக்குப் பல மண்டலம் கிடையாது. "இந்தியா, ஆகவே ஏசியா/கொல்கத்தா, இப்போது நேரம் இது, சரியா?" என்று கேட்கும். 1 அடித்தால் முடிந்தது.

முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கருவி அதோடு எதையும் மாற்றுவதில்லை. தேர்ந்த பெயரை அச்சடித்துவிட்டு, இதை உங்கள் வரையில் நிலையாக்க வேண்டுமானால் இந்த வரியை .புரொஃபைலில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள் என்று சொல்லும். அவ்வளவுதான். கேள்விகளைப் பிழை வெளியீட்டிலும், இறுதி விடையை மட்டும் வழக்கமான வெளியீட்டிலும் அது கொடுப்பதே, வேறு ஒரு ஸ்கிரிப்ட் அந்த விடையை வாங்கிக்கொள்ளட்டும் என்பதற்காக. நல்ல யோசனை சொல்லும். செய்ய வேண்டியவர் நாம்.

ஏப்ரலில் நடந்ததைக் கோத்துப் பார்க்கலாம். ராஸ்பெரி பையின் இயங்குதளம், நாமாக மாற்றாதவரை யூரோப்/லண்டனில்தான் இருக்கும். அது பிரிட்டனில் பிறந்த கணினி. பொருத்த வந்தவர் நேரம் நாலரை மணி நேரம் பின்னால் இருப்பதைப் பார்த்தார், டிஇசட்செலக்டை ஓட்டினார், அது சொன்னபடியே வரியைச் சேர்த்தார், லாகின் செய்து "டேட்" அடித்தார், ஐஎஸ்டி வந்தது, கிளம்பினார். கிரானும், பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சேவைகளும் .புரொஃபைலை வாசிப்பதில்லை. அது லாகின் ஷெல்லுக்கான ஃபைல். சோதித்த இடத்தில் சரி, வேலை நடக்கும் இடத்தில் தப்பு. அந்த வரி இல்லாதிருந்தால் அடுத்து வந்தவர் முதல் "டேட்"டிலேயே கண்டுபிடித்திருப்பார். அரைகுறைத் திருத்தம் பிழையை மூடி வைத்துவிட்டது.

கோடையில் ஏன் ஒத்துப்போனது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. ரைட்டரின் நாள் காலை 8:30 முதல் 8:30 வரை. மெசினின் நாள் மதியம் 1 முதல் 1 வரை. சித்திரை, வைகாசியில் சேர்வராயனில் மழை பெரும்பாலும் பிற்பகலிலும் சாயங்காலத்திலும் இடியோடு கொட்டும். அந்த மழை இரண்டு கணக்கிலும் மறுநாள் பேரில்தான் விழும். முற்பகல் 8:30க்கும் 1 மணிக்கும் இடையில் பெய்தால்தான் தகராறு: நோட்டில் அது நாளைய கணக்கு, மெசினில் இன்றைய கணக்கு. ஐப்பசியில் மழை நேரம் காலம் பார்ப்பதில்லை. அதனால்தான் அப்போது வெளியே வந்தது.

டிஇசட் மாறியில் கை வைத்தால்

.புரொஃபைலைத் திருத்தியபோதே, அந்த மாறி எவ்வளவு ஏமாற்றும் என்று மேனேஜரின் மகனுக்கு அடித்துக் காட்டினேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறவர், பக்கத்தில் நின்றிருந்தார். டிஇசட்டில் ஏசியா/சென்னை என்று கொடுத்தால் லினக்ஸ் பிழை சொல்லாது. யுடிசி நேரத்தை எடுத்து, மண்டலப் பெயர் இருக்கும் இடத்தில் "ஏசியா" என்று போட்டுக் காட்டும். கொல்கத்தாவில் ஒரு டி கூடப் போட்டாலும் அதே கதி. இதைவிட மோசம், வெறும் ஐஎஸ்டி என்று கொடுப்பது: நேரம் யுடிசி, பெயர் மட்டும் ஐஎஸ்டி என்று அச்சாகும். பெயரைப் பார்த்தவர் நம்பிவிடுவார்.

எண்ணாக எழுதுகிறேன் என்றால் குறி தலைகீழ். யூனிக்ஸ் வகைக் கணினிகளின் பொதுத் தரமான பாசிக்ஸ் முறையில் கிரீன்விச்சுக்குக் கிழக்கே கழித்தல், மேற்கே கூட்டல். நம் நேரத்துக்கு ஐஎஸ்டி-5:30 என்று எழுத வேண்டும். இயல்பாகக் கை போவது கூட்டலுக்குத்தான். போட்டால் கடிகாரம் 11 மணி நேரம் பின்னால் போய் நிற்கும். ஊர்ப் பெயரைக் கொடுப்பதுதான் நல்லது என்பது என் கருத்து.

"நம்ம ஊர் பேரு ஏன் இல்ல?" என்று ரைட்டர் கேட்டார். இந்தப் பெயர்ப் பட்டியல் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது. பால் எக்கர்ட் பராமரிக்கிறார். 2011 முதல், இணையப் பெயர், எண்களை நிர்வகிக்கும் ஐயானாவின் கீழ் இருக்கிறது. 1970க்குப் பிறகு கடிகாரங்கள் ஒரே மாதிரி ஓடிய பகுதிக்கு ஒரு பெயர் போதும் என்பது விதி; அந்தப் பெயருக்கு அங்குள்ள பெரிய நகரம் ஒன்றை எடுப்பார்கள். நமக்குக் கொல்கத்தா வாய்த்தது. ஆனால் சென்னைக்கும் அதற்குள் ஓர் இடம் இருக்கிறது: அதே ஏசியா/கொல்கத்தா தரவில் 1870 முதல் 1906 ஜனவரி 1 வரையிலான பகுதி மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 10 வினாடி முன்னால். 1900ஆம் ஆண்டுத் தேதி ஒன்றைக் கணினியிடம் கேட்டால் ஐஎஸ்டி என்று சொல்லாமல் எம்எம்டி என்று சொல்லும். சூரியனைக் கேட்டால் ஏற்காடு அதற்குச் சற்றுப் பின்னால்தான். ஐஎஸ்டியின் தீர்க்கரேகை 82.5 டிகிரி, நாம் 78.2. அதனால் இங்கே உச்சிப்பொழுது சராசரியாக 12:17ஐ ஒட்டி வரும்.

கம்ப்யூட்டர் படிக்கும் பையன் விடவில்லை. டிஇசட்செலக்டில் கண்டம் கேட்கும் இடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கொடுக்கவும் ஒரு வழி உண்டு. ஏற்காட்டுக்கு +1147+07812 என்று கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பக்கத்தில் இருக்கும் மண்டலங்களைத் தூர வரிசையில் அடுக்கும். முதலில் வருவது இலங்கை! பிறகு மாலத்தீவு, அதற்கும் பிறகுதான் இந்தியா. கருவி அளப்பது கொழும்புக்கும் கொல்கத்தாவுக்கும் உள்ள தூரத்தை. எல்லைக்கோடு அதற்குத் தெரியாது. "கொழும்பும் அஞ்சரைதானே, அதையே வச்சா என்ன?" என்றார். இன்றைய நேரம் சரியாகத்தான் காட்டும். ஆனால் இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளி, முதலில் ஆறரை, பிறகு ஆறு மணி நேர வித்தியாசம் என்று வைத்திருந்து, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டுத் தேதி எதையாவது கணக்கில் எடுத்தால் அரை மணியோ ஒரு மணியோ தப்பும்.

திருத்தம்

திருத்தம் ஒரே வரி. "சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்சோன் ஏசியா/கொல்கத்தா". ஏசியா, கொல்கத்தா இரண்டின் முதல் எழுத்தும் கேப்பிடலில் இருக்க வேண்டும். தப்பாக அடித்தால் டிஇசட் மாறியைப் போல வாயை மூடிக்கொண்டிருக்காது, அப்படி ஒரு மண்டலம் இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். பெயர் சந்தேகமாக இருந்தால் "டைம்டேட்சிடிஎல் லிஸ்ட்-டைம்சோன்ஸ்" எல்லாவற்றையும் பட்டியலிடும். உள்ளே நடப்பது எளிது: /இடிசி/லோக்கல்டைம் என்ற இணைப்பு லண்டனுக்கான ஃபைலை விட்டு கொல்கத்தாவுக்கான ஃபைலைச் சுட்டும். ராஸ்பெரி பையில் உள்ள ராஸ்பி-கான்ஃபிக் மெனு வழியாகவும் இதைச் செய்யலாம்.

மாற்றியதும் .புரொஃபைலில் இருந்த வரியை அழித்துவிட்டு, கணினியை ரீபூட் செய்தேன். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் மண்டலத்தைத் தொடங்கும்போதே வாசித்து வைத்துக்கொள்ளும். கிரானும் மழை பதியும் நிரலும் மறுபடி தொடங்கும் வரை லண்டனிலேயே இருந்திருக்கும். திரும்பி வந்ததும் டிஇசட் இல்லாத ஷெல்லிலும் ஐஎஸ்டி வந்தது. மறுநாள் மெயில் 8:30க்கு வந்ததாக மேனேஜர் சேலத்தில் இருந்த எனக்குப் போன் செய்தார். கையோடு பேட்டரியில் ஓடும் ஒரு டிஎஸ்3231 கடிகாரச் சில்லும் பொருத்திவிட்டேன். இந்தப் புகாருக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆனால் யுபிஎஸ் என்றைக்கும் தாங்கும் என்று மலையில் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

பழைய கணக்கு

மிச்சமிருந்தது ஏப்ரல் முதலான பதிவு. வெறுமனே ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் கோடை மாதங்கள் முழுக்க ஒரு மணி தப்பும். லண்டன் அப்போது யுடிசிக்கு ஒரு மணி முன்னால். நாமே கூட்டாமல் கணினியிடமே விடுவதுதான் சரி. டேட் கட்டளையின் -டி விருப்பத்தில், மேற்கோளுக்குள் முதலில் டிஇசட்="யூரோப்/லண்டன்" என்றும் பிறகு பழைய நேரத்தையும் எழுதினால், அந்த நேரத்தை லண்டன் நேரமாக வாசித்து நம் நேரமாகக் கொடுக்கும். கோடை, குளிர் வித்தியாசத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை வந்த ஒரு மணியை மட்டும் கையால் பிரித்தேன்: ஃபைலில் முதலில் வந்த 01:00 முதல் 01:50 வரை கோடை நேரம், அடுத்து வந்தது குளிர்கால நேரம். வரிகள் வந்த வரிசை கலையாமல் இருந்ததால் இது முடிந்தது.

மாற்றிய பதிவை 8:30க்கு 8:30 என்று மறுபடி கூட்டி ரைட்டரின் நோட்டோடு வைத்தபோது செவ்வாய், புதன் தகராறு போய்விட்டது. மிஞ்சிய வித்தியாசம் அரை மி.மீ., ஒரு மி.மீ. அளவில், இரண்டு மானி பக்கத்தில் பக்கத்தில் நின்றாலே அவ்வளவு இருக்கும்.

இனி அந்த நிரல் பதிவை யுடிசியில் மட்டும் எழுதும்படி மாற்றிவிட்டேன். அளந்ததை யுடிசியில் வைத்து, மனிதர் பார்க்கும் அறிக்கையில் மட்டும் உள்ளூர் நேரம் காட்டுவதுதான் எனக்குப் பழக்கம். கோடையில் கடிகாரம் நகர்த்தாத ஊரிலும் இந்தப் பழக்கம் தேவை. மெயில் ஸ்கிரிப்டின் தலைப்பில் இரண்டு வரி கூடியிருக்கிறது. கணினியின் மண்டல வித்தியாசத்தை வாங்கி மெயிலின் முதல் வரியில் அச்சடிக்கும். அது +0530 இல்லாவிட்டால் மழைக் கூட்டலைச் செய்யாமல், "நேர மண்டலம் மாறியிருக்கிறது" என்று மட்டும் அனுப்பிவிட்டு நின்றுவிடும்.